ஜெபம் என்கிற சொல் எங்கிருந்து வந்தது?



வாலிபர் கூட்டம் முடியப் போகிற நேரத்தில் "யாராவது முடிவு ஜெபம் பண்ணுங்கோ" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். எல்லாத் தலையும் ஒரேயடியாகக் குனியும். பக்தியால் அல்ல, கேட்டவரின் கண்ணில் படாமல் இருக்கத்தான். பிறகு ஒரு மெல்லிய குரல் வரும்: "அக்கா, எனக்குத் தமிழில ஜெபிக்க வராது." இங்கிலீஷில் ஜெபிக்கச் சொன்னால், "பின்னால அம்மாமார் இருக்கினம், அவைக்கு விளங்காது" என்று பதில் வரும். கடைசியில் எப்போதும் ஜெபிக்கிற அதே இரண்டு பேரில் ஒருவர் ஜெபித்து முடிப்பார்.

லண்டனில் இருக்கிற நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை இது. டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் பாரிஸிலும் இருக்கிற நம் சொந்தக்காரப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். "ஜெபிக்க வராது" என்கிறபோது எது வராது என்கிறோம்? தடங்கல் இல்லாமல், நீளமாக, வேதாகமத் தமிழில் பேச வராது என்பதைத்தான். அப்படியானால் ஜெபம் என்ற சொல்லுக்கே அழகாகப் பேசுதல் என்றுதான் அர்த்தமா? இந்த மாதம் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தாதியராகிய எங்களுக்குச் சொல்லின் வாலைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. மருந்தின் பெயர் 'ஒலொல்' என்று முடிந்தால் அது இதயத் துடிப்பைக் குறைக்கும், 'பிரில்' என்று முடிந்தால் இரத்த அழுத்தத்துக்கு. பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஜெபமும் அப்படித்தான்.

உதடு மட்டும் அசைந்தது

ஜெபம் என்பது சமஸ்கிருதத்தில் 'ஜப' என்ற சொல். ஜயம் நம் வாயில் ஜெயம் ஆனதுபோல ஜபம் ஜெபம் ஆயிற்று. கத்தோலிக்க நண்பர்கள் வீட்டில் அது செபம். அதன் வேரில் இருக்கிற பொருள் முணுமுணுத்தல், வாய்க்குள் சொல்லுதல். வேதம் ஓதுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி, உதடு மட்டும் அசையும்படி, மறுபடி மறுபடி சொல்வதற்குத்தான் ஜபம் என்று பெயர். நம் சைவ நண்பர்களின் வீட்டில் ஜபமாலை இருப்பதும், கத்தோலிக்க வீடுகளில் செபமாலை இருப்பதும் இதனால்தான். இங்கிலீஷில் மணிக்குச் சொல்கிற 'பீட்' என்ற சொல்லும் இதோடு தொடர்பான கதையுள்ளது. பழைய இங்கிலீஷில் அதற்கு ஜெபம் என்றுதான் பொருள். ஜெபத்தை எண்ணுவதற்காக மணியை உருட்டி உருட்டி, பிறகு மணிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நம் தங்கைமார் கையில் கட்டியிருக்கிற மணி வளையத்தின் பெயரில் ஒரு ஜெபம் ஒளிந்திருக்கிறது.

ஆக, நம் முன்னோர் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்ட சொல்லின் அடியில் இருப்பது பிரசங்கக் குரல் இல்லை, முணுமுணுப்பு. இது ஒருவகையில் நமக்குக் கூச்சமாக இருக்கலாம். புறஜாதியார் வழக்கத்துக்குரிய சொல்லையா எடுத்தோம் என்று சில பெரியவர்கள் கேட்டதும் உண்டு. ஆனால் 1 சாமுவேல் 1ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவில் அன்னாள் ஜெபிக்கிறாள். அவளுடைய உதடுகள் மாத்திரம் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். ஜெபத்தை நன்றாக அறிந்திருக்க வேண்டிய மனிதன் ஏலி. அவனுக்கே அது ஜெபமாகத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவருக்கே தெரியாமல் போன அந்த முணுமுணுப்பைத்தான் கர்த்தர் கேட்டார். சமஸ்கிருதச் சொல்லின் பொருளுக்குப் படம் வரையச் சொன்னால் அன்னாளைத்தான் வரைய வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனிதனைப் பற்றிப் படிக்கிறோம். தியானம் என்றதும் கண்ணை மூடிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர்தான் நம் மனதில் வருவார். ஆனால் அங்கே எபிரெயத்தில் இருக்கிற 'ஹாகா' என்ற சொல் சத்தத்தைக் குறிக்கிற சொல். ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று உறுமுகிற சிங்கத்துக்கும் இதே சொல்தான். ஏசாயா 38:14இல் வியாதிப்பட்ட எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பியதற்கும் இதே சொல்தான். யோசுவா 1:8இலும் வேதப்புத்தகம் வாயை விட்டுப் பிரியாதிருப்பதைப் பற்றிச் சொன்னவுடன் இந்தச் சொல் வருகிறது. வாய்க்குள் சொல்லிச் சொல்லி அசைபோடுகிற பழக்கம் அது. எபிரெயனின் தியானமும் நம் ஜபமும் ஒரே தெருவில் குடியிருக்கிற சொற்கள்.

"ஆனால் அக்கா, ஆண்டவரே அப்படிச் செய்யாதே என்றாரே?" என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டும். மத்தேயு 6:7இல் வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்கிறார். ஆண்டவர் அங்கே கண்டிப்பது, அதிகம் பேசினால் கேட்கப்படும் என்ற நினைப்பை. அதைச் சொன்ன கையோடு அவர் கற்றுக்கொடுத்த ஜெபமோ, அவசரமில்லாமல் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே ஆண்டவர் கெத்செமனேயில் மூன்றாம் தரமும் முன் சொன்ன வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44இல் எழுதியிருக்கிறது. துக்கத்தில் இருக்கிறவருக்குப் புதிதுபுதிதாக வார்த்தை வராது. வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பக்கவாதம் வந்து மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குப் பேச்சு போய்விடுகிறது. மகனின் பெயரைச் சொல்ல முடியாது, தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் அவர்களில் சிலருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். கிழமைகளின் பெயர் வரிசையாக வரும். சின்ன வயதில் படித்த பாட்டு வரும், மனப்பாட ஜெபமும் வரும். நாமாக யோசித்து உருவாக்குகிற பேச்சு வேறு, பழகிப் பழகித் தானாக ஓடுகிற பேச்சு வேறு என்று 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் பிரித்துக் காட்டினார். முதலாவது போன பிறகும் இரண்டாவது சிலருக்கு நிற்கிறது.

அப்படி ஒரு அம்மாவை நாங்கள் பார்த்தோம். ஐந்து நாளாக ஒரு சொல்லும் இல்லை. பார்க்க வந்த பேத்தி கல்லூரிப் பிள்ளை, தமிழ் விளங்கும், ஆனால் சரளமாகப் பேச வராது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு கர்த்தருடைய ஜெபத்தை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் அந்த அம்மாவின் உதடு அசைந்தது. பேத்தி சொல்லிக்கொண்டிருந்தது இங்கிலீஷ், அம்மம்மாவின் வாயில் வந்தது தமிழ். பல இடத்தில் உடைந்து உடைந்துதான் வந்தது, ஆனால் கடைசிவரை வந்தது. சொல்லி முடித்த பிறகு மறுபடியும் பேச்சு இல்லை. பேத்தி எங்களைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, அவ கதைச்சவ, இல்லையா?" என்று கேட்டாள். ஒரு மருத்துவரிடம் கேட்டால் அது தானியங்கிப் பேச்சு, உரையாடல் அல்ல என்று சொல்லியிருப்பார். சரிதான். நாங்கள் "ஓம், கதைச்சவ" என்றுதான் சொன்னோம்.

"மனப்பாட ஜெபம் உயிரில்லாத ஜெபம்" என்று சில கூட்டங்களில் அடித்துச் சொல்கிறார்கள். அதில் எங்களுக்குச் சம்மதமில்லை. உயிரோடு இருக்கும்போது மனதில் வைக்காத எதையும் பேச்சு போன பிறகு எடுக்க முடியாது.

நீதிமன்றத்தில் நிற்பது

பழைய ஏற்பாட்டில் ஜெபத்துக்கு வழக்கமாக வருகிற சொல் 'தெஃபில்லா'. பல சங்கீதங்களின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இதன் வேர்ச்சொல்லான 'பாலல்' தீர்ப்புச் செய்வது, நடுவில் நின்று பேசுவது என்ற பொருளைத் தருவது. சங்கீதம் 106:30இல் பினெகாஸ் எழுந்து நின்றபோது செய்ததற்கும் இந்த வேரிலிருந்து வந்த சொல்தான். அதாவது ஜெபம் என்கிறபோது எபிரெயன் மனதில் இருக்கிற இடம் பூஜை அறை இல்லை, வழக்குப் பேசுகிற இடம்.

இதைக் கேட்டதும் நமக்குத் தமிழில் ஒரு சொல் ஞாபகம் வர வேண்டும். மன்றாடுதல். மன்று என்றால் ஊர் கூடுகிற அவை. நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அது இன்னும் இருக்கிறது. மன்றில் நின்று தன் வழக்கைச் சொல்கிறவன் மன்றாடுகிறான். இன்றைக்கு அந்தச் சொல்லில் கெஞ்சல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வழக்கு மறந்துபோயிற்று. கத்தோலிக்க சபையில் பூசை நேரத்தில் 'விசுவாசிகள் மன்றாட்டு' என்று ஒரு பகுதி உண்டு. உலகத்துக்காக, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக வரிசையாகக் கேட்பார்கள். அழகான பெயர். விண்ணப்பம் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். பழைய செப்பேடுகளில் அரசனிடம் ஒரு காரியத்தை எடுத்துச் சொல்லிக் கேட்பதற்கு விண்ணப்பம் என்று பெயர். இன்றைக்கு ஹோம் ஆபிஸுக்கு நம் பெற்றோர் எத்தனை விண்ணப்பம் எழுதினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்கள் எந்தப் போதகரையும்விட நன்றாகச் சொல்வார்கள்.

இந்த எபிரெயச் சொல் வேதாகமத்தில் முதல்முதலாக எங்கே வருகிறது தெரியுமா? ஆதியாகமம் 20. ஆபிரகாம் அபிமெலேக்குக்காக ஜெபிக்கிறான், தேவன் அபிமெலேக்கையும் அவன் வீட்டாரையும் குணமாக்குகிறார். கவனியுங்கள். முதல் தடவை இந்தச் சொல் வருகிறபோதே அது தனக்காகக் கேட்கிற ஜெபம் அல்ல, இன்னொருவருக்காக. அதுவும் ஒரு அந்நிய தேசத்து ராஜாவுக்காக. காரியம் சுகம். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை ஞாயிறு பள்ளியில் சொல்லித்தர மாட்டார்கள்: அந்தச் சம்பவத்தில் தப்புச் செய்தவன் ஆபிரகாம். மனைவியைச் சகோதரி என்று சொல்லிப் பிரச்சினையைக் கொண்டுவந்தவன் அவன்தான். சாராளுக்கும் அவனுக்கும் அப்போது பிள்ளை இல்லை. அந்த நிலையில் இன்னொருவர் வீட்டுப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று அவன் வாய் திறக்க வேண்டியிருந்தது. அடுத்த அதிகாரத்தில்தான் ஈசாக்கு பிறக்கிறான்.

நம் சபையின் ஜெபக் குறிப்புத் தாளில் பெயர்கள் இருக்கும்: ஒரு அண்ணாவின் வேலை, ஒரு அன்ரியின் ஆபரேஷன், ஒரு தம்பியின் ஏ லெவல். அந்தத் தாளை வேகமாக வாசித்து முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு பெயரும் ஒரு வழக்கு என்று நினைத்து வாசித்தால் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

வேண்டும் என்கிற சொல்

கிரேக்கத்தில் 1 தீமோத்தேயு 2:1இல் நான்கு சொல் அடுத்தடுத்து வருகிறது. நம் வேதாகமம் அவற்றை விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று வைத்திருக்கிறது. அதில் முதலாவதான 'தெயெசிஸ்' இல்லாமை, தேவை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. தன்னிடம் இல்லை என்று ஒத்துக்கொள்வதுதான் அந்த ஜெபத்தின் முதல் படி. தமிழில் நமக்கும் இப்படி ஒன்று உண்டு. வேண்டும் என்றால் தேவை. வேண்டுதல் என்றால் ஜெபம். கடையில் "பாண் வேணும்" என்கிற அதே சொல்தான்.

இங்கிலீஷின் 'பிரேயர்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் அதற்கு இரந்து கேட்பது என்று பொருள். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'பிரிகேரியஸ்'. செய்தியில் நிலையில்லாத வேலை, நிலையில்லாத வீட்டு வாடகை என்றெல்லாம் சொல்லும்போது இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். லத்தீனில் அதன் பொருள் கேட்டுப் பெற்றது, இன்னொருவர் தயவில் இருப்பது. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தற்காலிக விசாவில் இருந்த நம் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கட்டிலில் படுத்திருக்கிற நோயாளிக்கும் தேவையில்லை. நேற்றுவரை ஒரு கம்பனியை நடத்தியவர் இன்று குளியலறைக்குப் போக மணியடித்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்கு அது தாங்க முடியாத கோபமாக வரும். இன்னொருவர் கையில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஜெபம் என்ற சொல் லத்தீனில் அந்த இடத்திலிருந்துதான் எழும்புகிறது.

வேண்டும் என்ற சொல்லைப் பற்றி நம் சரித்திரத்திலேயே ஒரு சுவையான சம்பவம் இருக்கிறது. 1542இல் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். எல்லா நோயாளி வீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. அதனால் ஜெபம் பாடமான சின்னப் பிள்ளைகளை அந்த வீடுகளுக்கு அனுப்பினார் என்று 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். நோயாளியின் பக்கத்தில் நின்று தமிழில் கிறிஸ்தவ ஜெபம் சொன்ன முதல் ஆட்களில் அந்த மீனவப் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

அதே 1544இல் தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சேவியர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் 'வேணும்' என்று ஒரு சொல் புகுந்துவிட்டது. அது 'எனக்கு விருப்பம்' என்று பொருள் தருகிற சொல், அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடுங்கள் என்கிறார். அந்தத் திருத்தம் சரிதான், விசுவாசப் பிரமாணம் நம் விருப்பப் பட்டியல் இல்லை. ஆனால் அந்தக் கடற்கரையில் அதுவரை எத்தனை பேர் 'எனக்கு தேவன் வேணும்' என்ற மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்! மொழி தப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர் அதைத் தப்பாக எடுத்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கேட்டது கிடைக்காமல் போவதைப் பற்றியும் பேச வேண்டும். வார்டில் ஒரே இரவில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு குடும்பம் ஜெபிக்கும். ஒருவர் வீட்டுக்குப் போவார், ஒருவர் போகமாட்டார். எந்தக் குடும்பம் நன்றாக ஜெபித்தது என்று பார்த்து அது நடப்பதில்லை. புறாவைப்போல் புலம்பிய எசேக்கியாவுக்குப் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது, அதற்கும் அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னார்கள். கெத்செமனேயில் மூன்று தடவை கேட்டவரின் பாத்திரமோ நீங்கவில்லை. "விசுவாசம் போதவில்லை, அதனால்தான்" என்று நோயாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிற சிலரை நாங்கள் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த மனைவியின் பக்கத்தில் இரவு முழுவதும் இருக்கப்போவது தாதிமார்தான்.

எந்த மொழியில்?

இனி அந்தத் தமிழ் வராத பிரச்சினைக்கு வருவோம். கிறிஸ்துவுக்கு முன்னே எகிப்திலே நிறைய யூதர்கள் குடியேறி வாழ்ந்தார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் பிள்ளைகளுக்கு எபிரெயம் போயிற்று, கிரேக்கம் வந்தது. பெற்றோர் வருத்தப்பட்டிருப்பார்கள். வேதாகமத்தையே கிரேக்கத்தில் மொழிபெயர்த்து ஜெபித்தார்கள். அவர்கள் கூடிய கட்டடத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ப்ரொசூகே'. கிரேக்கத்தில் ஜெபம் என்று அர்த்தம். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே எகிப்தில் அந்தப் பெயர் இருக்கிறது. கட்டடத்துக்கே ஜெபம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்போஸ்தலர் 16:13இல் பிலிப்பி பட்டணத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் பவுல் தேடிப் போனதும் இப்படி ஒரு இடத்தைத்தான். ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கதிரை அடுக்குகிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

ஆகவே இங்கிலீஷில் ஜெபிப்பது இரண்டாந்தரம் இல்லை. அதேநேரம் தாய்மொழியை விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டோம். மாற்கு 14:36இல் ஆண்டவர் பிதாவை எப்படிக் கூப்பிட்டார் என்று பாருங்கள். அப்பா. அது தமிழ்ச் சொல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவர் வீட்டில் பேசிய அரமேயத்தில் தகப்பனைக் கூப்பிடுகிற 'அப்பா'. கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை அப்படியே விட்டு வைத்தார், நம் தமிழ் வேதாகமமும் விட்டு வைத்திருக்கிறது. சிலுவையில் 22ஆம் சங்கீதத்தைச் சொன்னபோதும் மாற்கு 15:34இல் வருவது அரமேயம்தான். வலி கூடும்போது வாயில் வருவது வீட்டு மொழி. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இங்கிலீஷில் வேலை பார்த்த தமிழர்கள்கூட ஊசி போடும்போது "அம்மா" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு மொழி எது என்று உங்களுக்குத்தான் தெரியும். பாதி தமிழ் பாதி இங்கிலீஷ் என்றால் அதுவும் ஒரு வீட்டு மொழிதான்.

இன்னும் வார்த்தையே வராத ஜெபமும் உண்டு. இந்த நாட்டில் தாதியருக்கான நடத்தை விதிகளில் ஒன்று, தன் மத நம்பிக்கையை நோயாளியிடம் பொருத்தமில்லாத விதத்தில் வெளிப்படுத்தக் கூடாது என்பது. நல்ல விதி. கட்டிலில் கிடக்கிறவரால் எழுந்து போக முடியாது, அவர் தலைக்கு மேல் நின்று பிரசங்கம் பண்ணுவது அநியாயம். அவராகக் கேட்டால் ஆஸ்பத்திரிப் போதகரைக் கூப்பிட்டுக் கொடுப்போம். மற்றபடி எங்கள் ஜெபம் நெகேமியாவின் ஜெபம். நெகேமியா 2:4ஐ வாசியுங்கள். ராஜா கேள்வி கேட்கிறான், நெகேமியா ஜெபிக்கிறான், பதில் சொல்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? கையைக் கழுவி, கையுறை போட்டு, திரையை இழுத்துவிடுகிற நேரம். நாடித்துடிப்பை எண்ணுகிற முப்பது விநாடியில் ஜெபிக்கலாமா என்று எங்களில் ஒரு தங்கை கேட்டாள். எண்ணிக்கை தப்பும், வேண்டாம் என்றோம். அதற்கு முன்னும் பின்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சொல் மிச்சமிருக்கிறது. எல்லா மொழியிலும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டது: ஆமென். எபிரெயத்தில் அதன் வேருக்கு உறுதியாயிருத்தல், நம்பத்தக்கதாயிருத்தல் என்று பொருள். அதே வேரிலிருந்து 'ஓமெனெத்' என்று ஒரு சொல் பிறக்கிறது. ரூத் 4:16இல் நகோமி பேரப்பிள்ளையை மடியில் எடுத்து வைத்தபோது அவளுக்கு அந்தப் பெயர். 2 சாமுவேல் 4:4இல் சவுலும் யோனத்தானும் விழுந்த செய்தி வந்த நாளில், ஐந்து வயது மேவிபோசேத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்ணுக்கும் அந்தப் பெயர். அவசரத்தில் பிள்ளை விழுந்து கால் முடமாயிற்று, ஆனாலும் பிள்ளை பிழைத்தது, பிற்காலத்தில் தாவீதின் பந்தியில் உட்கார்ந்தது. அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை வேதாகமம் எழுதவில்லை. ஆமெனோடு கூடப்பிறந்த அந்தச் சொல்லை அந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமம் எப்படி மொழிபெயர்த்திருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். தாதி.